நூலாசிரியரே உரையாசிரியர்: டொனால்டு கனூத்தின் நிரல்நூல் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

நூல் செய்தார் ஒருவர், அதற்கு உரை கண்டார் பிறிதொருவர் என்பதே தமிழிற் பெருவழக்கு. எனினும் நூலாசிரியர் தாமே உரையும் வகுத்தமைக்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. இலக்கண விளக்கம் செய்த வைத்தியநாத தேசிகரும், இலக்கணக் கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகரும், பிரயோக விவேகம் அருளிய சுப்பிரமணிய தீட்சிதரும் தத்தம் நூலுக்குத் தாமே உரை கண்டனர். இம்முறையால் விளையும் நன்மை வெளிப்படை. ஆசிரியர் கருதிய பொருள் இதுவோ அதுவோ என்னும் ஐயம் கற்பார்க்கு எழாது. இதனால் விளையும் இடரும் வெளிப்படையே. தம் நூலின் குறையைத் தாமே காண்டல் எவர்க்கும் அரிது. இலக்கண விளக்கத்தின் குறைகளை எடுத்துக்காட்டச் சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கச் சூறாவளி' எழுத வேண்டியிருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

நூலும் உரையும் ஒருவர் கையிலேயே பிறக்குமாயின் அவ்வுரை நடுநிலை உடையதாதல் கூடுமோ? இவ்வினாவிற்கு விடை காணப் புதியதொரு துறையிலிருந்து சான்று கிடைக்கின்றது. அத்துறை கணிப்பொறிக்கு நிரல் எழுதும் துறை. சான்றாக நிற்பவர் அமெரிக்க அறிஞர் டொனால்டு கனூத். நிரல் என்பது பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதி மட்டுமன்று, மக்கள் கற்றற்குரிய நூலும் ஆகும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை அவர் தம் படைப்புகளில் எவ்வளவு நிறைவேற்றினார், எவ்விடத்து அது தளர்ந்தது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆசிரியர் வரலாறு

கனூத் 1938 சனவரி 10-ஆம் நாள் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். தேவாலயத்தில் ஆர்கன் என்னும் இசைக்கருவி வாசித்தவர். இசையும் கணக்கும் ஒருங்கே மகனுக்கு வாய்த்தன. கேசு தொழில்நுட்பக் கழகத்தில் 1956-இல் மாணவராய்ச் சேர்ந்தபோது, ஐ.பி.எம். 650 என்னும் கணிப்பொறியை அவர் கண்டார். பிற்காலத்துத் தம் பெருநூலின் முதல் தொகுதியை அப்பொறிக்கே உரிமையாக்கினார் எனின், அதன்பால் அவர் கொண்ட ஈடுபாடு புலனாகும். 1957-இல் 'மேட்' என்னும் நகைச்சுவை இதழில் விளையாட்டாகப் புதியதோர் அளவை முறையை வகுத்து வெளியிட்டார். நகையும் ஒழுங்கும் ஒருங்கியைந்த அவ்வியல்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1960-இல், அல்கால் என்னும் நிரல்மொழியில் எழுதப்படுவதைப் பொறிமொழியாக மாற்றும் தொகுப்பி ஒன்றைப் பரோசு நிறுவனத்தின் கணிப்பொறிக்கென எழுதினார். 1963-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1968-இல் சுடான்போர்டுப் பல்கலைக்கழகம் சென்று, 1993-இல் ஓய்வு பெறும்வரை ஆண்டுப் பணியாற்றினார். 1974-இல் கணிப்பொறித் துறையின் தலையாய பரிசாகிய தூரிங் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்விருதேற்று ஆற்றிய பேருரையில், நிரலாக்கம் ஓர் அறிவியல் என்று சொல்லி அமைதல் போதாது, அது கலையும் ஆகும் என்று நிறுவ முயன்றார். திறமும் நுண்ணறிவும் வேண்டப்படுதலானும், அழகிய பொருளைத் தோற்றுவித்தலானும் அது கலை எனப்படும் என்பது அவர் கூறிய காரணம்.

கலை என்று பெயரிட்டுவிடுதல் எளிது. கலை எனின் அதற்குத் திறனாய்வும் வேண்டும். திறனாய்வு வேண்டுமெனின் கற்றற்குரிய பாடமும் வேண்டும். பொறி மட்டும் படிக்கும் நிரலைத் திறனாயும் புலவர் யாண்டு உளர்? இத்தடையே கனூத்தை அடுத்த பெரும்பணியில் ஈடுபடுத்தியது எனலாம்.

3. டெக் என்னும் நிரலின் தோற்றம்

1962-இல் அடிசன்-வெசுலி பதிப்பகத்தார் தொகுப்பிகளைப் பற்றி ஒரு நூல் எழுதித் தருமாறு கனூத்தை வேண்டினர். ஒரு நூலாகத் தொடங்கிய அப்பணி பன்னிரண்டு இயல்களாகவும், பின்னர் ஏழு தொகுதிகளாகவும் விரிந்தது. 'கணிப்பொறி நிரலாக்கக் கலை' என்னும் அப்பெருநூலின் முதன் மூன்று தொகுதிகள் 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. ஒவ்வொரு நெறிமுறைக்கும் முன்னோர் யாவர், முதலில் கண்டவர் யாவர் என ஆராய்ந்து காட்டுதல் அந்நூலின் தனிச்சிறப்பு. பிபனாச்சி எண்கள் என மேலைநாட்டார் வழங்கும் எண்வரிசையை, அவருக்கு முன்னரே பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தியாவில் யாப்பாராய்ந்த கோபாலரும் ஏமசந்திரரும் அறிந்திருந்தனர் என்பதை அந்நூல் எடுத்துரைக்கின்றது. ஒரு மாத்திரை அசையும் இரு மாத்திரை அசையும் கொண்டு அடி அமையும் வகைகளை எண்ணியபோது அவ்வரிசை பிறந்தது என்பது யாப்பு கற்போர்க்கு இன்பம் பயக்கும் செய்தி.

1977-இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்பிற்கு அச்சுப்படிகள் வந்தன. ஈயவெழுத்து அச்சுமுறை மறைந்து, ஒளிப்பட முறை வந்த காலம் அது. எழுத்தும் இடைவெளியும் முன்னைப் பதிப்பின் அழகை இழந்திருக்கக் கண்ட கனூத் மனம் பொறாராயினர். கணிதநூலை அழகுற அச்சுக்கோக்கும் நிரலைத் தாமே எழுதத் துணிந்தார். சில திங்களில் முடியும் எனக் கருதிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளைக் கொண்டது. கிரேக்கத்தில் கலை, கைத்தொழில் என்னும் இரண்டனையும் குறிக்கும் சொல்லின் முதலெழுத்துகளால் அந்நிரலுக்கு 'டெக்' என்று பெயரிட்டார். எழுத்துருக்களை வரைதற்கு 'மெட்டாபாண்டு' என்னும் துணைநிரலையும் ஆக்கினார்.

டெக்கின் நுட்பத்திற்கு ஒன்று காட்டுவாம். அச்சுக்கோப்பவர் ஓர் அடியை நிரப்பிய பின்னரே அடுத்த அடிக்குச் செல்வர். முதலடி செவ்விதாயினும் நான்காம் அடி நெகிழ்ந்து தோன்றுதல் உண்டு. டெக் அவ்வாறு செய்வதில்லை. பத்தி முழுவதையும் ஒருங்கு நோக்கி, எங்கெங்கு அடி முறித்தால் நெகிழ்ச்சியும் செறிவும் மொத்தத்திற் குறையும் எனக் கணக்கிட்டே முறிக்கும். ஈற்றடியின் பொருட்டு முதலடியைச் சிறிது மாற்றவும் அதற்கு இயலும். செய்யுளின் ஈற்றுச் சீரை நோக்கி முதற்சீரை மாற்றியமைக்கும் புலவன் செயல் இதனை ஒக்கும். இம்முறையைக் கனூத்தும் அவர் மாணவர் மைக்கேல் பிளாசும் 1981-இல் விளக்கி வெளியிட்டனர்.

4. உரைசால் நிரலாக்கம்

டெக்கை எழுதும்போதே கனூத் புதியதோர் எழுத்துமுறையைக் கண்டார். 1984-இல் அதனை விளக்கிக் கட்டுரை எழுதினார். அதற்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயர் 'எழுத்தறிவுடைய நிரலாக்கம்' எனப் பொருள்படும். அதன் இயல்பு நோக்கி நாம் உரைசால் நிரலாக்கம் என்று வழங்குவாம்.

இதன் அமைப்பு வருமாறு. நிரல் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பகுதியிலும் முதற்கண் உரைநடையில் விளக்கம் இருக்கும். அடுத்துக் குறியீடுகளின் வரையறை வரும். இறுதியில் கட்டளைகள் நிற்கும். பகுதிகள் பொறி வேண்டும் முறையில் அடுக்கப்படாமல், கற்பார்க்கு விளங்கும் முறையிலேயே அடுக்கப்படும். ஆசிரியர் எழுதிய இவ்வொரு மூலத்திலிருந்து இரு வடிவங்கள் பெறப்படும். ஒரு துணைநிரல் கட்டளைகளை மட்டும் பிரித்துப் பொறிக்கு ஏற்ற வரிசையில் தரும். மற்றொரு துணைநிரல் அதே மூலத்தை அழகிய நூலாக, சொல்லகராதியும் பகுதிக் குறிப்புகளும் இணைத்துத் தரும்.

நன்னூலார் காண்டிகையுரைக்குக் கூறும் உறுப்புகளை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பன அவை. 1986-இல் நூல்வடிவாக வெளிவந்த டெக் நிரலின் உரையில் இவை பெரும்பாலும் காணப்படுகின்றன. ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளைக் கொண்ட அந்நூல், இவ்விடத்து இம்முறையை மேற்கொண்டது ஏன், வேறு முறை கொள்ளின் என்ன கேடு வரும் என்னும் வினாக்களை எழுப்பி விடையிறுத்துச் செல்கின்றது. இவ்வொப்புமை இரண்டிற்கும் தொடர்பு உண்டு எனக் காட்டுதற்கன்று. சுருங்கச் சொல்லப்பட்ட நூற்பாவும் பொறிக்கு இட்ட கட்டளையும் ஒரே குறையுடையன. சொன்னது விளங்கும், சொன்னதன் காரணம் விளங்காது. அக்குறையை நிரப்புவது உரை. இத்துணையே ஈண்டுக் கருதியது.

இவ்வுரையால் விளைந்த பயன் யாது? கனூத் 1990-இல், இனி டெக்கிற்குப் புதிய உறுப்பு எதனையும் சேர்ப்பதில்லை, பிழை நீக்கமே செய்வதாக அறிவித்தார். மூலத்தை எவரும் பயன்படுத்தலாம், ஆனால் மாற்றியதற்கு டெக் என்னும் பெயரிடலாகாது என்றும் வரையறுத்தார். மூலபாடம் காக்கப்பட்டது, கிளைநூல்கள் பெருகின. உரையுடன் கூடிய மூலத்தைக் கற்று அதன்மேல் பிறர் கட்டிய நிரல்கள் பலவாயின. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெட்டாபாண்டின் துணையால் தமிழ் எழுத்துருவும் ஆக்கப்பட்டது. பின்னர் ஒருங்குறியை ஏற்கும் சீடெக், லுவாடெக் முதலிய கிளைநிரல்களால் தமிழ்நூலும் அச்சுக்கோக்க இயன்றது. உரை இல்லாத மூலமாயின் இத்துணை எளிதிற் பிறர் கைக்கு அது சென்றிராது.

5. மறுப்பும் அதன் வலிமையும்

இனி, இக்கொள்கைக்கு எழுந்த மறுப்பை நோக்குவோம். 1986-இல் அமெரிக்கக் கணிப்பொறிக் கழகத்தின் திங்களிதழில் ஜான் பென்ட்லி என்பார் ஒரு புதுமுயற்சி செய்தார். இலக்கியத்திற்குத் திறனாய்வு உள்ளது போல நிரலுக்கும் திறனாய்வு வேண்டும் எனக் கருதி, ஒரு சிக்கலைக் கொடுத்துக் கனூத்தை உரைசால் நிரல் ஒன்று எழுதுமாறு வேண்டினார். ஒரு நூலில் மிகுதியாகப் பயின்றுவரும் சொற்களைக் கண்டு, அவற்றை எண்ணிக்கை முறையில் வரிசைப்படுத்துக என்பதே அச்சிக்கல். சொல்லடைவு தொகுப்போர் நன்கறிந்த பணி இது. கனூத் பல பக்க அளவில், சொற்களைச் சேமித்தற்குப் புதியதோர் அமைப்பையும் புனைந்து, செவ்விய உரையுடன் நிரல் எழுதினார்.

அதனைத் திறனாய்ந்தவர் பெல் ஆய்வகத்தைச் சார்ந்த டக் மக்கில்ராய். உரையின் தெளிவையும் அமைப்பின் நுட்பத்தையும் அவர் பாராட்டினார். பாராட்டிய பின்னர், முன்னரே பிறர் செய்துவைத்த சிறு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, ஆறே கட்டளைகளால் அதே விடையைப் பெற்றுக் காட்டினார். உள்ள கருவி இருக்க எல்லாவற்றையும் அடியிலிருந்து புதிதாகச் செய்தல் என்னை என்பது அவர் வினா.

இம்மறுப்பு முற்றும் பொருந்துவதன்று என்று கூறுவாரும் உளர். உரைசால் முறையைக் காட்டுமாறு கேட்டமையாலன்றோ கனூத் அவ்வாறு எழுதினார் என்பர். அஃது உண்மையே. ஆயினும் மறுப்பின் வலிமை அதனாற் குறையாது. உரை எவ்வளவு சிறப்பினும், நூலின் திட்டம் தக்கதோ என்னும் வினாவை அது தானே எழுப்பிக்கொள்வதில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் காரணம் கூறிய கனூத்தின் உரை, இந்நிரல் இத்துணை நீளமாக இருத்தல் வேண்டுமோ என்பதற்குக் காரணம் கூறவில்லை. தன்னுரையின் இயல்பான குறை இதுவே. உள்ளிருந்து நோக்குவார்க்கு அறைகள் தெரியும். வீடு நிற்கும் இடம் தெரியாது. அதற்குப் புறத்தே நிற்கும் ஒருவர் வேண்டும்.

மற்றொரு வரம்பும் உண்டு. உரைசால் முறை தனியொருவர் எழுதும் நிரலுக்கே நன்கு பொருந்துகின்றது. இக்காலப் பெருநிரல்கள் பலர் கூடி எழுதுவன, நாடோறும் மாறுவன. கட்டளையை ஒருவர் மாற்ற, உரையை எவரும் மாற்றாதொழியின், உரை மூலத்தோடு முரணும். முரணிய உரை உரையின்மையினும் தீது. ஆதலின் இம்முறை அறிஞரால் போற்றப்பட்டதேயன்றித் தொழிலுலகிற் பெருவழக்காகவில்லை.

6. பிழைப்பதிவு

அவ்வாறாயின் கனூத்தின் முயற்சி அழகியதொரு தனிமுயற்சியாய் ஒழிந்ததோ எனின், அற்றன்று. தன்னுரையின் குறைக்கு அவரே ஒரு மருந்தும் கண்டார். அதுவே அவர் பணிகளுள் தலையாயது என்பது என் துணிபு.

டெக்கைச் சோதிக்கத் தொடங்கிய 1978 முதல், அதிற் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் குறித்துவைத்தார். 1989-இல் அப்பதிவை 'டெக்கின் பிழைகள்' என்னும் கட்டுரையாக வெளியிட்டார். அதில் 850-க்கும் மேற்பட்ட பிழைகளும் மாற்றங்களும் உள்ளன. அவற்றைப் பதினைந்து வகையாகப் பகுத்தார். நெறிமுறையே தவறியவை, கருத்தின்றிச் செய்தவை, மறந்து விடுபட்டவை, ஒரு பகுதி மற்றொன்றோடு இயையாமையால் வந்தவை, எழுத்துப்பிழைகள் என அவ்வகைகள் செல்கின்றன. தாமே வெட்கத்தக்கன எனக் கருதியவற்றையும் அவர் மறைத்தாரல்லர். நூற்குற்றம் பத்து என வகுத்த நன்னூலார் பிறர் நூல்களை நோக்கி வகுத்தார். கனூத்தோ தம் நூலின் குற்றத்தையே தொகுத்து வகைப்படுத்தினார்.

அப்பதிவிலிருந்து அவர் பெற்ற முடிபு ஒன்று குறிப்பிடத்தக்கது. 1977-இல் அவர் டெக்கின் திட்டத்தை எழுதி, அதனை நிரலாக்கும் பணியை மாணவர் இருவரிடம் விட்டுச் சென்றார். மாணவர் திறமையுடையவரே. எனினும் திரும்பிவந்து தாமே எழுதத் தொடங்கியபோது, திட்டத்தில் விடப்பட்ட முடிவுகள் எத்துணைப் பல என்பது அவருக்கு விளங்கிற்று. திட்டம் வகுத்தவரே நிரலையும் எழுதி, முதலிற் பயன்படுத்தி, கையேடும் செய்தல் வேண்டும் என அவர் தெளிந்தார். தெளிவு என நாம் எண்ணியது தெளிவன்று என்பதை எழுதும்போதே அறிகின்றோம். உரை எழுதும் எவரும் இதனை மறுக்கார்.

பிழை காண்பார்க்குப் பரிசளிக்கும் வழக்கமும் இதனோடு இயைந்ததே. தம் நூல்களில் பிழை ஒன்று காட்டுவார்க்கு 2.56 தாலர் அளித்தார். 256 காசு என்பது பதினாறன் எண்முறையில் நூறு ஆகும். விளையாட்டும் கணக்கும் ஈண்டும் ஒருங்கு வந்தன. டெக் நிரலின் பிழைக்குரிய பரிசு ஆண்டுதோறும் இருமடங்காகி 327.68 தாலர்வரை உயர்ந்தது. பெற்றோருட் பலர் காசோலையை மாற்றாமல் நினைவுப்பொருளாகவே வைத்துக்கொண்டனர். 2008-இல் வங்கி மோசடிகளுக்கு அஞ்சி மெய்யான காசோலைகளை நிறுத்திக் கற்பனை வங்கி ஒன்றன் சான்றிதழ்களை அளிக்கலானார். டெக்கின் பதிப்பெண் பை என்னும் கணித மாறிலியை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்வது. 2021-இல் அது 3.141592653 ஆயிற்று. தாம் மறைந்த பின்னர் அவ்வெண்ணைப் பை என்றே ஆக்கி, எஞ்சிய பிழைகளைப் பிழை எனக் கொள்ளாது நிரலின் இயல்பாகவே கொள்க என்று கூறியுள்ளார். மூலபாடத்தை நிலைநிறுத்தும் ஆர்வமும், அது பிழையற்றதன்று என்னும் அடக்கமும் இவ்வேற்பாட்டில் ஒருங்கு காணப்படுகின்றன.

7. பிற படைப்புகள்

கனூத்தின் கற்பனைப் படைப்புகளிலும் இப்பண்பே ஊடுருவி நிற்கின்றது. கணித அறிஞர் கான்வே கண்ட புதிய எண்முறையை விளக்க, 1974-இல் 'மீமெய் எண்கள்' எனப் பொருள்படும் பெயரால் ஒரு குறும்புதினம் வெளியிட்டார். கடற்கரையில் தங்கிய ஆலிசு, பில் என்னும் இருவர் எபிரேய எழுத்துப் பொறித்த கல்லொன்றைக் கண்டு, அதன்வழி அவ்வெண்முறையைத் தாமே படிப்படியாக ஆராய்ந்து காண்பதே கதை. புதினம் என்ற அளவில் அது வலியுடையதன்று. மாந்தர் இருவரும் கணக்கிற்காகவே படைக்கப்பட்டவர். அவர்தம் அன்பும் ஊடலும் மேற்பூச்சாகவே நிற்கின்றன. ஆயினும் கணிதநூல்கள் மறைக்கும் ஒன்றை அது காட்டுகின்றது. முடிந்த முடிபை மட்டும் கூறாமல், தவறான தொடக்கங்களையும் திரும்பிவந்த வழிகளையும் கூறுகின்றது. பிழைப்பதிவின் முன்னோடி இப்புதினமே எனக் கொள்ளலாம்.

1991-இல் வெளியிட்ட விவிலிய ஆய்வு நூலில், ஒவ்வொரு ஆகமத்திலும் மூன்றாம் அதிகாரத்துப் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்தார். தமக்கு விருப்பமான பகுதியைத் தாம் தேர்ந்துகொள்ளும் சார்பை நீக்குதற்கு இவ்வரையறை மேற்கொள்ளப்பட்டது. ஆர்கனுக்கென இயற்றிய பேரிசைப் படைப்பு ஒன்று, அவரது எண்பதாம் பிறந்தநாளாகிய 2018 சனவரி 10-இல் சுவீடனில் அரங்கேறிற்று. இசையின் தகுதியை அத்துறை வல்லார் ஆராய்க.

8. முடிவுரை

கனூத்தின் பெருங்குணமே அவர் பெருங்குறையும் ஆயிற்று. எதனையும் முற்றச் செய்தாலன்றி அமையாத அவ்வியல்பால், அச்சின் அழகைத் திருத்தப் புகுந்து பத்தாண்டு செலவிட்டார். மூன்றாம் தொகுதி 1973-இல் வந்தது; நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011-இலும், இரண்டாம் பகுதி 2022-இலுமே வந்தன. அதனோடும் பன்னிரண்டு இயல்களுள் ஏழாவது முற்றுப்பெறவில்லை. டெக் கிடைத்தது, பெருநூல் தாழ்ந்தது. இவற்றுள் எது பெரிது என்று அளவிடுதல் எளிதன்று.

முன்னுரையில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். தன்னுரை நடுநிலையுடையதாதல் அரிது என்பதை மக்கில்ராயின் மறுப்புக் காட்டிற்று. ஆயினும் தன்னுரையோடு தன் பிழையின் வரலாற்றையும் ஆசிரியர் சேர்த்து வைப்பாராயின், அக்குறை பெரிதும் நீங்கும். உரை, ஆசிரியர் எண்ணியதைக் கூறும். பிழைப்பதிவு, அவர் எண்ணியது எங்கெங்குப் பொய்த்தது என்பதைக் கூறும். இரண்டும் கூடியவழியே புறத்தே நிற்பார் நூலை அளத்தற்கு அளவுகோல் பெறுவர். கனூத்தின் நிரல் கற்றற்குரிய நூலாய் நிற்பது உரையின் நயத்தால் மட்டும் அன்று. தன் குற்றத்தையும் பாடத்தின் ஒரு பகுதியாக்கிக் கொண்ட நேர்மையாலேயே அது நூலாயிற்று.

நிரல்களைப் பொறிகளே எழுதித் தரத் தொடங்கியுள்ள இக்காலத்தில் இவ்வாராய்ச்சி பொழுதுபோக்காகாது. எழுதியவர் இன்னார் என்றும், எழுதிய காரணம் இன்னது என்றும் அறியாமல் நாம் ஏற்கும் நிரல், உரையும் இல்லாதது, பிழையின் வரலாறும் இல்லாதது. மூலபாடத்தை ஆராய்ந்து பழகிய தமிழ்ப் புலவர்க்கு அத்தகைய பாடத்தின் இடர் நன்கு தெரியும். நிரலைக் கற்பாரும் அவ்விடரை அறிதல் வேண்டும்.